மவுசர் ரைபிளின் அடித்தட்டுக் கொண்டி: அடையாளம் பார்த்துக் கோளாறு நீக்கும் முறை

மவுசர் 98 குடும்பத்து ராணுவ ரைபிளின் மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் பெட்டியை, அடிப்பக்கமாகத் திறக்க ஒரு கூர்முனை தேவை. அந்தப் பெட்டியின் அடியை மூடும் அடித்தட்டின் பின்பக்கத்தில், ட்ரிகரைச் சுற்றியிருக்கும் ட்ரிகர் கார்டுக்குச் சற்று முன்னால், சிறிய துளை ஒன்று இருக்கும். தட்டைப் பூட்டி வைக்கும் கொண்டி அதற்குள் இருக்கிறது. தோட்டாவின் குண்டு முனையை அதில் வைத்து அழுத்திக்கொண்டே தட்டைப் பின்பக்கம் தள்ளினால் தட்டு கழன்று வரும். 1898இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட வடிவம் இது. அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டிலும் இதே ஏற்பாடுதான் இருக்கிறது. அந்த ரைபிளில் மவுசரின் காப்புரிமைகள் பலவற்றைப் பயன்படுத்தியதற்காக அமெரிக்க அரசு மவுசர் நிறுவனத்துக்கு 2 லட்சம் டாலர் கொடுத்தது.

போர்க்களத்துக்கு இது போதும். வேட்டைக்குப் போகிறவருக்குத்தான் எரிச்சல். கை விறைத்துப்போன மாலை நேரத்தில் கூர்முனை தேடி, அழுத்தி, தள்ளி, தட்டைப் பிடித்து, தோட்டாக்களையும் பிடிக்க வேண்டும். அதனால் விரலாலேயே திறக்கும்படி கொண்டியில் ஒரு பொத்தான் வைப்பது பழைய வழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவத்துக்குத் தேவைப்படாமல் போன ரைபிள்கள் அமெரிக்காவில் மலிவாகக் கிடைத்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் அவற்றை வேட்டைக்கு ஏற்றபடி மாற்றினார்கள். அந்தப் பொத்தான்களில் பல இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன, தங்கள் கோளாறுகளோடு சேர்த்து.

என் ரைபிள் யூகோஸ்லாவியாவில், கிராகுயேவாத்ஸ் ஊர்த் தொழிற்சாலையில் செய்த எம்48. அதுவும் மவுசர் 98 குடும்பம்தான். எனக்கு முன் வைத்திருந்தவர் அதில் பொத்தான் வைத்திருந்தார். பென்சில்வேனியாவில் என் முதல் மான் வேட்டைப் பருவத்தில், பனியில் மலையேறிப் போய் உட்கார்ந்து ரைபிளைத் திருப்பிப் பார்த்தேன். அடித்தட்டு இல்லை. தோட்டாக்களை மேலே தள்ளும் ஸ்பிரிங்கும் இல்லை, மேகசினில் இருந்த தோட்டாக்களும் இல்லை. என் காலடித் தடத்தையே பார்த்துக்கொண்டு திரும்பி நடந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அன்றிலிருந்து இந்தச் சின்ன உறுப்பைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். என் ரைபிளிலும் நண்பர்களுடையதிலும் பார்த்த கோளாறுகளைக் கீழே அடையாள வாரியாக எழுதுகிறேன்.

கை வைக்கும் முன்

அடித்தட்டைத் திறந்தால் மேகசின் மட்டும்தான் காலியாகும். சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் சுடத் தயாராக, இருக்கும் தோட்டா அங்கேயே இருக்கும். பொத்தான் வைத்தவர்கள் மறக்கும் விஷயம் இது: கீழே தோட்டாக்கள் கொட்டியதைப் பார்த்ததும் துப்பாக்கி காலி என்று மனசு முடிவு செய்துவிடும். அதனால் முதலில் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் கைப்பிடி வைத்த தண்டு) திறந்து சேம்பரைக் காலி செய்யுங்கள். கண்ணால் பாருங்கள், சுண்டு விரலை விட்டும் பாருங்கள். அப்புறம் மேகசின். அதற்கும் அப்புறம் போல்ட்டையே முழுதாகக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். இந்த வேலை எதற்கும் போல்ட் துப்பாக்கியில் இருக்கத் தேவையில்லை. தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். சோதனைக்கு மருந்தும் பிரைமரும் இல்லாத டம்மி தோட்டாக்கள் ஐந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் இருக்கும் இடத்தில் சொந்த ரைபிளில் இந்த மாதிரிச் சின்ன வேலை செய்யத் தடை இல்லை. இந்தியாவில் அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றுவதற்குமே உரிமம் வேண்டும். அங்கே இருப்பவர்கள் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிடம்தான் கொடுக்க வேண்டும். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொண்டி எப்படி வேலை செய்கிறது

ட்ரிகர் கார்டின் முன்பகுதியில் ஒரு குழி. அதற்குள் சுருள் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குக் கீழே கொண்டி. குறுக்கே ஒரு சிறிய பின் போய்க் கொண்டி வெளியே விழாமல் பிடித்துக்கொள்கிறது. ஸ்பிரிங் தள்ளுவதால் கொண்டியின் முனை அடித்தட்டுக்குள் இறங்கி நிற்கும். அடித்தட்டு முன்னும் பின்னும் உதடுகளால் கார்டின் பள்ளங்களில் மாட்டிக்கொண்டிருக்கும். கொண்டி இறங்கி நிற்கும்வரை தட்டு பின்னால் நகர முடியாது, நகராதவரை உதடுகளும் விடாது. கொண்டியின் முனை தட்டின் உட்பரப்பைத் தாண்டி முழுதாக மேலே ஏறினால்தான் தட்டு நகரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரைபிளை ஒற்றைக் கையில் தூக்கி எடை சமமாக நிற்கும் இடத்தைத் தேடினால் கை மேகசின் பக்கம்தான் போய் நிற்கும். நடக்கும்போது விரல்கள் சுற்றிப் பிடிப்பது இந்த அடித்தட்டைத்தான். படைவீரனும் அப்படித்தான் தூக்கி நடந்தான். திறக்கும் இடத்தை ஒரு துளைக்குள் ஒளித்து வைத்தது தெரிந்தே செய்த வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டு வசதியை மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பனியில் தோட்டா பொறுக்கியபோது பார்த்தேன். பொத்தான் வைப்பது தவறில்லை, ஆனால் அது துளையை விட்டு வெளியே வரக் கூடாது. கீழே வரும் பல தீர்வுகள் இந்த ஒரு விதிக்கே திரும்பி வரும்.

தட்டு நகரவே மாட்டேன் என்கிறது (பொத்தான் வைக்காத ரைபிள்)

முதலில் திசையைப் பாருங்கள். பலர் தட்டைக் கீழ்நோக்கி இழுக்கிறார்கள். அழுத்திக்கொண்டே பின்பக்கமாக, அதாவது ட்ரிகரை நோக்கித் தள்ள வேண்டும். சில மில்லிமீட்டர் நகர்ந்தபின் தானாகக் கீழே வரும்.

திசை சரி, ஆனாலும் நகரவில்லை என்றால் காஸ்மோலின்தான் முதல் சந்தேகம். பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்த ரைபிள்களில் அந்தத் துருக்காப்பு மசகு கெட்டியாகி, மெழுகுபோல இறுகியிருக்கும். கொண்டியின் குழி ஒரு சின்னக் கிணறு. உள்ளே போனது வெளியே வர வழியில்லை. துளைக்குள் மண்ணெண்ணெயோ மினரல் ஸ்பிரிட்டோ சில சொட்டுகள் விட்டு, ரைபிளைத் தலைகீழாக ஒரு ராத்திரி வையுங்கள். பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி தீப்பிடிக்கும். காலையில் ஹேர் டிரையரால் அந்த இடத்தை லேசாகச் சூடாக்கிப் பித்தளைக் கம்பியால் கொண்டியைப் பத்திருபது முறை அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பழுப்பு நிறத்தில் ஏதாவது கசியும். கசிவது நின்று, கொண்டி துள்ளித் திரும்பினால் வேலை முடிந்தது.

கொண்டி நன்றாக அமுங்கியும் தட்டு வரவில்லையா? உதடுகளில் துரு இருக்கலாம். துருவிளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். பின்னர் கொண்டியை அழுத்தியபடியே தட்டின் முன்பக்கத்து மேடான இடத்தில் மரத்துண்டு ஒன்றை வைத்துச் சின்னச் சுத்தியால் பின்னோக்கித் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். அந்தத் தழும்பு போகவே போகாது.

பொத்தான் முழுதாக அமுங்குகிறது, தட்டு மட்டும் நகரவில்லை

புதிதாகப் பொத்தான் வைத்தவர்களுக்கு வரும் முதல் ஏமாற்றம் இது. தட்டின் தடிமன்தான் காரணம். கொண்டியின் நடுவில் ஒரு தண்டைப் பொருத்தித் துளை வழியாக வெளியே விடுகிறோம். விரலால் அழுத்தினால் தண்டின் நுனி தட்டின் வெளிப்பரப்புவரைதான் போகும். அதற்கு மேல் விரல் உள்ளே போகாது. ஆனால் தட்டு நகர, அந்த நுனி உட்பரப்பையும் தாண்ட வேண்டும். தோட்டா முனை துளைக்குள் இறங்கும், விரல் நுனி இறங்காது. விஷயம் அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. துளையிலிருந்து முன்பக்கமாகத் தண்டின் அகலத்துக்கு ஒரு பிளவு வெட்டுவது ஒன்று. தட்டு பின்னால் போகும்போது தண்டு அந்தப் பிளவுக்குள் ஓடும். தண்டு மெல்லியதாகவும், கொண்டியின் பூட்டும் பகுதி அதைவிட அகலமாகவும் இருந்தால் இது வேலை செய்யும். என் ரைபிளில் முந்தையவர் செய்திருந்தது இதுதான். இதில் பொத்தானின் தலை தட்டுக்கு வெளியே நின்றாக வேண்டும். நடக்கும்போது விரல் படும். அதனால் எனக்கு இந்த வழி பிடிக்காது.

மற்றது, துளையைச் சுற்றி வெளிப்புறத்தில் ஆழமற்ற கிண்ணம்போல ஒரு குழி எடுப்பது. விரல் நுனியின் சதை அந்தக் குழிக்குள் இறங்கிப் பொத்தானைத் தேவையான ஆழத்துக்குத் தள்ளும். பொத்தான் தட்டின் பரப்புக்குக் கீழேயே இருக்கும். உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒவ்வொரு முறையும் தட்டை மாட்டி, விரலால் திறந்து பாருங்கள். திறக்கும் நொடியில் நிறுத்திவிடுங்கள், இன்னும் சுலபமாகட்டும் என்று ஒரு சுற்று கூட எடுக்காதீர்கள். கட்டியான இரும்பில் கடைந்த பழைய தட்டுகளில் இதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. யூகோஸ்லாவிய எம்48ஏ மாடலின் தட்டு தகட்டை அழுத்திச் செய்தது. அதில் குழி எடுக்கப் போனால் ஓட்டைதான் விழும்.

குழியும் சரியாக இருந்து தட்டு நகரவில்லை என்றால் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பாருங்கள். பழையதற்குப் பதிலாக நீளமான ஸ்பிரிங் போட்டிருந்தால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கொண்டி முழுத்தூரம் ஏறும் முன்பே நிறுத்திவிடும். ஸ்பிரிங்கை வைக்காமல் கொண்டியை மட்டும் குழியில் வைத்து எவ்வளவு ஏறுகிறது என்று அளந்துகொண்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

நடக்கும்போதோ சுடும்போதோ தட்டு தானாகக் கழல்கிறது

இதுதான் பெரிய கோளாறு. நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் உதைப்பின்மேல் பழி போடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள்: சுடும்போது ரைபிள் பின்னால் பாய்கிறது. தளர்வாக இருக்கும் எதுவும் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்ப்பதால், ரைபிளோடு ஒப்பிட்டால் அது முன்னால் நகரும். நம் தட்டு திறப்பது பின்பக்கமாக. ஆகவே உதைப்பின் முதல் வீச்சு தட்டைப் பூட்டும் திசையில்தான் தள்ளும். உதைப்பு மட்டுமே நல்ல கொண்டியைத் திறப்பது அபூர்வம். வேறு ஏதோ ஒன்று பொத்தானை அழுத்துகிறது, இல்லையென்றால் கொண்டி முன்பிருந்தே அரைகுறையாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

அழுத்துவது எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பொத்தானின் தலையில் மெழுகுவத்திக் கரியைப் பூசுங்கள். காலி ரைபிளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் நடங்கள், தோளில் மாட்டுங்கள், இறக்குங்கள், சுடும் மேசையில் மணல் பைமேல் வைக்கும் விதமாக வைத்துப் பாருங்கள். கரி எதில் ஒட்டியிருக்கிறது? எனக்கு நடுவிரலில் ஒட்டியிருந்தது. என் நண்பர் ஒருவருக்கு மணல் பையில். அவர் பையை ட்ரிகர் கார்டுக்கு நெருக்கமாக வைத்துச் சுடுகிறவர். ஒவ்வொரு உதைப்புக்கும் ரைபிள் பையின்மேல் வழுக்கிப் பின்னால் வரும்போது பொத்தான் பையோடு உரசிக்கொண்டிருந்தது.

தீர்வு, பொத்தானைக் குட்டையாக்குவது. ஒரு ஸ்கேலைத் தட்டின்மேல் பொத்தானுக்குக் குறுக்கே வையுங்கள். ஸ்கேல் ஆடினால் பொத்தான் வெளியே நிற்கிறது. ஆடாமல் படுத்து, அடியில் மெல்லிய வெளிச்சம் தெரியும்வரை அரத்தால் குறையுங்கள். அப்படிக் குறைத்தபின் விரலுக்கு எட்டவில்லையென்றால் முன்பு சொன்ன கிண்ணக் குழிதான் வழி.

பொத்தானை எதுவும் தொடவில்லை, ஆனாலும் கழல்கிறது என்றால் பிடிப்பைப் பாருங்கள். தச்சர்கள் சேர்மானம் பார்க்கச் செய்வதுபோலக் கொண்டியின் முனையில் கரி தடவி, தட்டை மாட்டி, வெளியிலிருந்து கையால் பின்பக்கம் அழுத்தம் கொடுத்துவிட்டு, பிறகு திறந்து பாருங்கள். கரி தட்டின் சுவரில் அகலமான பட்டையாகப் படிந்திருந்தால் நல்லது. விளிம்பில் கோடுபோல மட்டும் இருந்தால் கொண்டி நுனியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதற்கு மூன்று காரணங்கள் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, கொண்டியின் முனை உருண்டு போயிருப்பது. பூட்டும் முகம் செங்குத்தாக இருக்க வேண்டும். யாராவது “வழுக்கலாக இருக்கட்டும்” என்று அதை அரத்தால் சாய்த்திருந்தால் தட்டின் ஒவ்வொரு தள்ளலும் கொண்டியை மேலே ஏற்றிவிடும். சாய்ந்த முகத்தைத் திரும்ப நேராக்கப் போனால் நீளம் போய்விடும். வேறு கொண்டி வாங்குங்கள், விலை அதிகமில்லை.

இரண்டு, சோர்ந்த ஸ்பிரிங். இதற்குப் பரீட்சை எதுவும் வேண்டாம். புதியதைப் போட்டு வித்தியாசத்தை விரலால் உணருங்கள்.

மூன்று, வேறு ரைபிளின் தட்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை வைத்திருந்த கர்98கே ரைபிள்களில் அடித்தட்டு உள்பட உறுப்பு உறுப்பாக வரிசை எண் அடித்திருப்பார்கள். சோவியத் படை கைப்பற்றியவற்றைப் பிரித்து, சுத்தம் செய்து, கைக்குக் கிடைத்த உறுப்புகளோடு திரும்பச் சேர்த்தார்கள், எண்ணையும் மேலே மறுபடி பொறித்தார்கள். அதனால் எண் ஒன்றாக இருப்பதால் மட்டும் பொருத்தம் சரி என்று நினைக்க வேண்டாம், கரி காட்டுவதை நம்புங்கள்.

கடைசியாகப் பொத்தானைக் கொண்டியோடு இணைத்த விதத்தையும் பாருங்கள். வெள்ளிப் பற்றவைப்புச் செய்திருந்தால் அந்தச் சூட்டில் கொண்டியின் கடினம் இளகியிருக்கும், முனை சீக்கிரம் தேயும். துளையிட்டுப் புரி வெட்டி ஸ்க்ரூவாகப் பொருத்துவதே மேல். ஸ்க்ரூ தளராமல் இருக்கப் புரிப்பூட்டுப் பசை ஒரு சொட்டு. கொண்டியின் மேல்தோல் கடினமாக இருந்து டிரில் முனை வழுக்கினால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். அந்த வேலையை லேத் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

அழுத்திய பொத்தான் திரும்பி வருவதில்லை

தண்டு துளையின் ஒரு பக்கமாக உரசுகிறது என்று அர்த்தம். தட்டைக் கழற்றிவிட்டுக் கொண்டியை மட்டும் அழுத்திப் பாருங்கள். அப்போது துள்ளித் திரும்பினால் குற்றம் துளையில்: தண்டின் பக்கவாட்டில் பளபளவென்று தேய்ந்த கோடு தெரியும், அந்தப் பக்கம் தண்டை மெல்லிய எமரித் தாளால் தேய்த்துக் குறையுங்கள். துளையைப் பெரிதாக்குவதைவிடத் தண்டைக் குறைப்பது நல்லது. தண்டு மாற்றக்கூடியது, தட்டு அப்படியில்லை.

தட்டு இல்லாமலும் சிக்கினால் குழிக்குள் அழுக்கு, பிசிறு, வளைந்துபோன குறுக்குப் பின் இவற்றில் ஒன்று. பின்னைத் தட்டி எடுக்கும்போது ட்ரிகர் கார்டை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள். அந்த ஸ்பிரிங் அரிசி மணியைப்போலத் தெறித்து ஓடும், கம்பளத்தில் விழுந்தால் கிடைக்காது. பின்னின் இரண்டு முனைகளையும் முதலில் உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் அடித்துப் பரப்பியிருந்தால் அந்தப் பக்கமாகத்தான் வெளியே வர வேண்டும்.

குளிர் நாட்களில் மட்டும் சிக்குகிறதா? கிரீஸைத் துடைத்து எடுத்துவிடுங்கள். உறைபனியில் கிரீஸ் பசையாகிவிடும். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டே இந்த இடத்துக்குப் போதும்.

தட்டு ஆடுகிறது, சத்தம் வருகிறது

கொஞ்சம் ஆட்டம் எல்லா ராணுவ ரைபிளிலும் இருக்கும், அதை விட்டுவிடலாம். ஆனால் முன்பு இல்லாத ஆட்டம் பொத்தான் வேலைக்குப்பின் வந்திருந்தால், நீங்கள் பிரித்து மாட்டியபோது, ட்ரிகர் கார்டை ரைபிளோடு பிடிக்கும் இரண்டு கார்டு ஸ்க்ரூக்கள் சரியாக உட்காரவில்லை. முன் ஸ்க்ரூவை முதலில் இறுக்குங்கள், அப்புறம் பின்னது. பின் ஸ்க்ரூ போகும் மரத்துளைக்குள் ஒரு இரும்புக் குழாய் இருக்க வேண்டும். ரைபிளின் மரக்கட்டையைக் கழற்றும்போது அது கீழே விழுந்து காணாமல் போவது சகஜம். அது இல்லாமல் இறுக்கினால் மரம் நசுங்கி, கார்டு அளவுக்கு மேல் ஏறி, மேகசின் பெட்டியின் மேல்விளிம்பு ரிசீவரில் (போல்ட் ஓடும் இரும்பு உடலில்) முட்டிவிடும். அப்போது குறியும் மாறும். பெட்டிக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளியாவது வேண்டும்.

ஸ்க்ரூ தொலைந்தால் கடையில் கிடைக்கும் கால் அங்குல ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றிவிடாதீர்கள். மவுசர் ராணுவ ரைபிளின் கார்டு ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 22 புரிகள். சாதாரணக் கால் அங்குல ஸ்க்ரூக்களில் 20 அல்லது 28. இரண்டு சுற்று ஏறுவதுபோல ஏறி ரிசீவரின் புரியையே அழித்துவிடும்.

மாட்டியபின் தோட்டா சரியாக ஏறவில்லை

கொண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தட்டைக் கழற்றியபோது ஃபாலோவரை (தோட்டாக்களை அடியிலிருந்து தாங்கும் தகடு) மேலே தள்ளும் ஸ்பிரிங்கும் கையோடு வந்திருக்கும், திருப்பி மாட்டும்போது அது தலைகீழாகிவிட்டது. மடிப்பு மடிப்பான அந்தத் தகட்டு ஸ்பிரிங்கின் குறுகிய முனை ஃபாலோவருக்கு, அகலமான முனை அடித்தட்டுக்கு. இரண்டும் அதனதன் பள்ளத்தில் கடைசிவரை நுழைந்திருக்க வேண்டும். டம்மி தோட்டாக்கள் ஐந்தையும் போட்டு, முனை கீழே கவிழாமல் ஏறுகிறதா என்று பாருங்கள்.

காலி மேகசினில் போல்ட் மூடவில்லை

இது கோளாறே இல்லை. ஃபாலோவரின் பின்விளிம்பு செங்குத்தாக இருப்பதால் காலியானதும் போல்ட்டை மறிக்கிறது. மேகசின் தீர்ந்தது படைவீரனுக்குத் தெரிய வேண்டும் என்று வைத்தது. விரலால் ஃபாலோவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் தள்ளினால் மூடும். வேட்டைக்காரர்கள் அந்த விளிம்பைச் சரிவாகத் தேய்த்துவிடுவார்கள். செய்வதானால் தனியாக ஒரு ஃபாலோவர் வாங்கி அதில் செய்யுங்கள். அசலைத் தொட வேண்டாம்.

கீல் வைத்த அடித்தட்டு வாங்கினேன், ரைபிளில் உட்காரவில்லை

கீல் தட்டு நல்ல தீர்வுதான். தட்டு கையோடு வராமல் தொங்கி நிற்கும், பனியில் எதையும் தேட வேண்டாம். ஓபெர்ன்டோர்ஃபில் மவுசரே தன் வேட்டை ரைபிள்களில் அப்படிச் செய்தது. ஆனால் விற்பனைக்கு வருவதில் பெரும்பாலானவை கர்98கே அளவுக்குச் செய்தவை. யூகோஸ்லாவிய எம்24, எம்48 ரைபிள்களின் ரிசீவர் அதைவிடக் கொஞ்சம் குட்டை. முன் ஸ்க்ரூவை மாட்டினால் பின் ஸ்க்ரூத் துளை விலகி நிற்கும். துளையை அரத்தால் நீட்டி மாட்டலாம் என்று ஆசை வரும். வேண்டாம், மேகசின் பெட்டியின் இடமும் சேர்ந்து நகர்ந்துவிடும். வாங்கும் முன் இரண்டு கார்டு ஸ்க்ரூக்களின் மையத்துக்கு மையம் உள்ள தூரத்தை உங்கள் ரைபிளில் அளந்து, விற்பவரிடம் அதே அளவைக் கேட்டு வாங்குங்கள்.

மாற்றாமலே சமாளிக்க

ரைபிள் அசல் நிலையில் இருந்தால், எண்களும் பொருந்தினால், தயவுசெய்து அதை அப்படியே விட்டுவிடுங்கள். துளை விழுந்த கொண்டியை மாற்றலாம், குழி வெட்டிய தட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆறு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியில் ஒரு விரல் நீளம் வெட்டி, நுனியைக் குண்டு முனைபோலத் தேய்த்துச் சாவிக் கொத்தில் மாட்டிக்கொண்டால் பொத்தானின் வேலையில் முக்கால்வாசி முடிந்துவிடும்.

மேகசினைக் காலி செய்ய மட்டும்தான் வேண்டும் என்றால் அடித்தட்டையே தொட வேண்டியதில்லை. மவுசர் 98இன் போல்ட்டுக்குப் பின்னால் உள்ள பாதுகாப்புச் சாவியை (சேஃப்டி) நேராக மேலே நிமிர்த்தி வைத்தால் ட்ரிகர் பூட்டியிருக்கும், போல்ட் மட்டும் அசையும். குழல்வாய் பாதுகாப்பான திசையில் இருக்க, போல்ட்டை முன்னே தள்ளுங்கள். தோட்டா மேகசின் உதட்டை விட்டு விடுபட்டதும் போல்ட்டின் நகம் அதைப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியைக் கீழே மடக்காமலே பின்னால் இழுத்தால் தோட்டா வெளியே வந்துவிடும். ஐந்தையும் இப்படி எடுக்கலாம். என் எம்48இல் இப்போது நான் செய்வது இதுதான்.

பழுது பார்த்தபின் சோதனை

மேகசினில் ஐந்து டம்மி தோட்டாக்களைப் போடுங்கள். அடித்தட்டை உள்ளங்கையால் இருபது தடவை நன்றாக அடியுங்கள், முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கத்திலிருந்தும். பிறகு ரைபிளைச் சமநிலையில் தூக்கிக்கொண்டு, குளிர்காலக் கையுறையோடு அரை மணி நேரம் நடங்கள். கையுறை முக்கியம், வெறும் விரல் தொடாத பொத்தானைத் தடித்த கையுறை தொடும். தட்டு அப்போதும் அசையவில்லை என்றால் அந்தக் கையுறையைக் கழற்றாமலே திறந்து பாருங்கள். திறக்க வேண்டும். பழைய கொண்டியையும் ஸ்பிரிங்கையும் ஒரு உறையில் போட்டு, எந்த ரைபிளுடையது, என்று கழற்றியது என்று மேலே எழுதித் துப்பாக்கிப் பெட்டியோடு வைத்துவிடுங்கள். அடுத்து வாங்குபவருக்கு அது வேண்டியிருக்கும்.